தாசில்தாரின் மணிப்பட்டை

அன்று காலை பரவையில் எங்கள் தோல் பட்டறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது மார்க்கெட்டில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லித் திரிகிறார்கள். இருந்தவர்கள் இவர்கள்தான்: வீட்டுக்கு மூத்தவனாகிய நான், முத்திருளன். என் மகன் அசோக்குமார். அவன் மனைவி கனகலட்சுமி. பட்டறையை நடத்துகிறவள் அவள்தான். எங்கள் மாட்டைப் பார்த்துக்கொள்ளும் பங்காளி சோணை. கோச்சடையிலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்த, எங்கள் சம்பந்தியின் தம்பி நல்லகாமன். நையாண்டி மேளம் அழகுபாண்டியும் அவர் ஆட்களும் வந்திருந்தார்கள், ஆனால் வாசலுக்கு வெளியே நின்றார்கள். கடைசியாக, தாசில்தார். தாசில்தார் என்பது எங்கள் காளையின் பெயர். அது நடக்கிற நடையைப் பார்த்து ஊர் வைத்த பெயர். இவர்களைத் தவிர வேறு ஒரு ஈ காக்கை அங்கே இல்லை.

என் மகள் பாண்டியம்மாளைக் கோச்சடையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அன்று அவள் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமனான அசோக்குமார் சீர் கொண்டுபோக வேண்டும். எங்கள் வகையறாவில் சீர்த் தட்டுகளுக்கு முன்னால் வீட்டுக் காளை நடக்கும். அதன் கழுத்தில் புது மணிப்பட்டை இருக்கும். அந்தப் பட்டை அந்த வீட்டிலேயே தைத்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிக் கட்டினால் யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லிவிட மாட்டார்கள். பந்தியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துவிட்டு அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அந்தப் பார்வையோடு அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவள் என் மகள்.

பத்திரிகை வைக்கப் போனபோதே சம்பந்தி கருத்தக்கண்ணன் லேசாகச் சிரித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல எவன் தைக்கிறான், எல்லாம் ரெடிமேடுதான" என்றார். நான் எழுந்து நின்று, எங்கள் பட்டறையில் புது மெஷின் இறங்கியிருக்கிறது, பட்டை அதில்தான் தைக்கப்படும், வேண்டுமானால் மண்டப வாசலில் எழுதியே வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடி ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். அதில் மெஷின் முன்னால் நான் உட்கார்ந்திருக்கிற படம். எனக்குத் தைக்கத் தெரியாது. ஆனால் வீட்டின் முகம் என்று ஒன்று வேண்டும் அல்லவா?

மெஷின் நல்ல மெஷின். கனமான தோலைத் தைக்கிற பெரிய மெஷின். வாங்கிய இடத்திலிருந்து விஸ்வநாத் என்பவர் வந்து பொருத்திக் கொடுத்தார். கே.கே. நகர்க்காரர், நிதானமானவர். அந்த ஊசியில் ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை நீளமாகப் பள்ளம் ஓடும். அந்தப் பள்ளம் இடது பக்கம் பார்க்க வேண்டும் என்றார். சோணை உடனே, "யாருக்கு இடது? ஒங்களுக்கா, மெஷினுக்கா?" என்று கேட்டான். விஸ்வநாத் கொஞ்சம் யோசித்துவிட்டு ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "சரி, குழப்பமே வேணாம். பள்ளம் வைகையைப் பாக்கணும். அவ்ளோதான்" என்றார். அதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. கனகலட்சுமி அவர் மாட்டிய ஊசியிலேயே கார் சீட் உறைகள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு குறையும் இல்லை.

மணிப்பட்டை தொடங்குவதற்கு முன் மெஷினுக்குப் பூஜை போட்டோம். சீருக்கு முன்னால் போகிற மாட்டுக்குத் தைக்கிற வேலை. குலசாமியைப் பார்த்து உட்கார்ந்து தைப்பதுதான் முறை என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்தோம். எங்கள் குலசாமி உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறது. மேசை சுவரை ஒட்டி நின்றால் சாமி தோள்பட்டைக்கு நேராகப் போய்விடுகிறது. ஆகவே மேசையைக் கொஞ்சம் திருப்பி வைத்தோம். அதன் ஒரு மூலை சுவரைத் தொட்டது, மறு மூலை நடக்கிற வழியில் நீட்டிக்கொண்டு நின்றது. போகிற வருகிற எல்லோரும் அதில் இடுப்பை இடித்துக்கொண்டார்கள். சாமி காரியத்தில் இடுப்பைப் பார்க்க முடியாது. புதுத் தோலுக்குத் தடித்த புது ஊசி வேண்டும் என்றாள் கனகலட்சுமி. புது வேலைக்கு ஊசி மாட்டுவது வீட்டு மூத்தவர் கை. விஸ்வநாத் சொன்னபடியே, பள்ளம் வைகையைப் பார்க்கும்படி நானே மாட்டித் திருகை முடுக்கினேன்.

அந்த ஊசி தையல் விட்டது.

விடுவதென்றால் ஒழுங்காகவாவது விட வேண்டும். அதுவும் இல்லை. அழகாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு ஓட்டை மட்டும் விழும், நூல் பிடிக்காது, மேலே நீளமாக ஒரு கோடு கிடக்கும். மறுபடியும் ஒழுங்காகப் போகும். துணி என்றால் பிரித்துவிட்டுத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான், மறையாது. அப்படியே ஒரு பட்டை கெட்டது. மறு பட்டையும் கெட்டது. சீர் கிளம்ப வேண்டிய காலையில் எங்கள் கையில் இன்னும் ஒரே ஒரு பட்டைக்குத்தான் தோல் இருந்தது. ராகு காலத்துக்கு முன் வண்டி ஏறியாக வேண்டும்.

"நூல மாத்திப் பாப்போம் மாமா" என்றாள் கனகலட்சுமி. மாற்றினாள். துண்டுத் தோலில் ஓட்டிப் பார்த்தாள். விட்டது.

"காலு சரியா அமுக்கல. ஊசி மேல வரும்போது தோலும் கூடவே எந்திரிக்குது." தோலை அமுக்கிப் பிடிக்கும் மெஷின் காலை இறுக்கினாள். விட்டது.

அசோக்குமார் போனில் ஒரு வீடியோ பிடித்தான். அதில் ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி மெஷினைத் திறந்து வைத்து எங்களுக்குப் புரியாத ஏதோ பாஷையில் பேசினார். பாஷை புரியாவிட்டாலும் அவருக்கும் தையல் விடுகிறது என்பது முகத்தில் தெரிந்தது. "எண்ணெய் போடுறாரு பாருங்கப்பா" என்று அசோக்குமார் எண்ணெய் டப்பாவை எடுத்தான். அவன் படித்த படிப்புக்கு அளவோடு ஊற்றியிருக்கலாம். மெஷின் குடித்தது போக மிச்சம் மேசைக் காலடியெல்லாம் ஓடி, தரை பளபளவென்று ஆனது.

"ஏங்க, அந்த ஆளு சொட்டுச் சொட்டா விடுறாரு. நீங்க கும்பாபிஷேகமே பண்ணிட்டீக" என்றாள் கனகலட்சுமி.

"ஒனக்குத் தச்சுக் குடுக்கத் தெரியல, எண்ணெயக் குத்தம் சொல்ற."

"தாய்மாமன் நானா நீங்களா? வந்து உக்காந்து தைங்க பாப்போம்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றேன். மூடினார்கள். மெஷின் மறுபடி ஓடியது. விட்டது.

விஸ்வநாத்துக்குப் போன் போட்டோம். மனிதர் வேலையாகக் கோயம்புத்தூரில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி நின்றோம்.

"பெரியவரே, ஊசிப் பள்ளம் எந்தப் பக்கம் பாக்குது?"

"நீங்க சொன்ன பக்கம். வைகைப் பக்கம்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நாங்க பொறந்ததுல இருந்து வைகை அங்கதான் இருக்கு."

"அப்ப ஊசி சரியாத்தான் இருக்கு" என்று அவர் பெருமூச்சு விட்டது கோயம்புத்தூரிலிருந்து தெளிவாகக் கேட்டது. "உள்ள நூலப் பிடிக்கிற கொக்கி நேரம் தப்பியிருக்கும். அதை நான் வந்துதான் பாக்கணும். நாளைக்கு வாரேன்."

நாளைக்கு! நாளைக்கு வந்து ஃப்ளெக்ஸுக்கா மாலை போடுவது?

அந்த நேரம் பார்த்துப் பாண்டியம்மாள் கூப்பிட்டாள். "அப்பா, ஃப்ளெக்ஸக் கட்டிட்டாய்ங்க. மெஷின் முன்னாடி ராசா மாதிரி உக்காந்திருக்கீக. எங்க மாமனாரு அதுக்கு முன்னாடி சேரப் போட்டு உக்காந்து, வாரவுக எல்லாருக்கும் படிச்சுப் படிச்சுக் காட்டுறாரு. பட்டை முடிஞ்சிருச்சுல?"

"முடியுது" என்றேன்.

"முடியுதா, முடிஞ்சிருச்சா?"

"முடியுதுன்னா முடியுது தாயி."

 "சரிப்பா" என்று வைத்துவிட்டாள். அவள் "சரிப்பா" என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமாகிப் போன அன்றுகூட அவள் அப்படிச் சொல்லவில்லை.

சோணை வாசலில் மாட்டுக்குக் கொம்பு துடைத்துக்கொண்டே, "அண்ணே, கையில தச்சிருவோமா?" என்றான். அந்தக் கனத்துக்குக் கையால் தைத்தால் பொழுது சாய்ந்துவிடும் என்பது அவனுக்கே தெரியும். அழகுபாண்டி தன் பங்குக்கு, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடலாம் என்றார். சுற்றினோம். பழத்தை நசுக்கினோம். தையல் விட்டது.

இந்த நிலைமையில்தான் நல்லகாமன் புல்லட்டில் வந்து இறங்கினார். சீரை முறையாக அழைத்துப் போவதற்காகத் தட்டு நிறைய வெற்றிலை பாக்கும் வாழைப்பழமுமாக வந்திருந்தார். ஜல்லிக்கட்டுகளில் மைக் பிடித்து வர்ணனை சொல்கிறவர் அவர். ஆகவே அவர் வீட்டுக்குள் மெதுவாகப் பேசினால்கூடத் தெருவுக்குக் கேட்கும். கெட்டுப்போன பட்டைகள் கிடந்ததை ஒரு பார்வை பார்த்தார். சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார், முடியவில்லை.

"என்ன மாப்ள, இம்புட்டுத் தோலு போயிருக்கு? மாட்டுக்குப் பட்டையா, யானைக்குப் பட்டையா?"

"கொஞ்சம் தையல் விடுது மாமா" என்றான் அசோக்குமார். என் மகனுக்கு உண்மை பேச நேரம் காலம் தெரியாது.

"அட, இதுக்கா கவலப்படுறீக? கடைவீதியில வரிசையாத் தொங்குது. ஒன்ன வாங்கி மாட்டுவோம். எங்க அண்ணன்கிட்ட நான் மூச்சு விட மாட்டேன்."

அவர் மூச்சு விடமாட்டேன் என்று சொன்னதே தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "எங்க வீட்டுல அந்த வழக்கமில்ல சம்பந்தி" என்றேன். வேறு என்ன சொல்ல? என் முதுகை நேராக வைத்துக்கொண்டு நின்றேன். அது ஒன்றுதான் அப்போது என் கையில் இருந்தது.

சம்பந்தி வீட்டுத் தட்டு வாசலுக்கு வந்தால் மேளம் முழங்க வேண்டும் என்பது அழகுபாண்டிக்கு நினைவு வந்தது. நினைவு வந்ததும் அடித்தார்கள். ஏதோ சும்மா அடிக்கவில்லை. தவிலும் பம்பையும் சேர்ந்து கூரைத் தகரம் அதிர அடித்தார்கள்.

ஜல்லிக்கட்டில் ஓடிப் பழகிய தாசில்தாருக்கு மேளம் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். கொட்டு முழங்கும், எதிரே ஒரு குறுகலான வழி இருக்கும், அதில் பாய வேண்டும். எங்கள் பட்டறையின் மடக்குக் கதவு பாதி அகலத்துக்குத் திறந்திருந்தது. சோணையின் கையில் கொம்பு துடைத்த துணி மட்டும் மிஞ்சியது.

வந்ததை நான் பார்த்தேன். ஒரு பெரிய செம்மண் மேடு கதவு வழியாக உள்ளே வந்த மாதிரி இருந்தது. கனகலட்சுமி கடைசித் தோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனாள். புருஷனைத் தேடவில்லை, தோலைக் காப்பாற்றினாள்; அந்தப் பெண்ணை மருமகளாக எடுத்ததில் எனக்கு அப்போதும் பெருமைதான். அசோக்குமார் எண்ணெயில் வழுக்கி, உட்கார்ந்தபடியே சுவர்வரை போய்ச் சேர்ந்தான். வாடிவாசலில் எத்தனையோ வீரர்களை "பயந்து ஓடுறார் பாரு" என்று மைக்கில் கேலி செய்த நல்லகாமன், ஏணி இல்லாமலே பரண்மேல் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கும் தெரியாது. நான் நகரவில்லை. அந்த வீட்டின் மாடு. அந்த வீட்டின் பெரியவன். நகர்ந்தால் நன்றாக இராது.

தாசில்தாரும் என்னைச் சுற்றிக்கொண்டுதான் போனார். ஆனால் அவர் வழியில் மேசையின் மூலை நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு நொடி நின்று அதைப் பார்த்தார். விலாவைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். தரையில் எண்ணெய் கிடந்ததால் அந்தப் பெரிய மேசை மெஷினோடு சேர்ந்து தேர் திரும்புவது போல அழகாகத் திரும்பி, சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. கொம்பு பட்டு ஊசி 'டக்'கென்று ஒடிந்தது. தாசில்தார் அதோடு காரியம் முடிந்தது என்பதுபோல் நின்று, நல்லகாமன் கைவிட்ட தட்டிலிருந்து வாழைப்பழத்தைத் தோலோடு தின்னத் தொடங்கினார்.

மேளம் நின்றது. சோணை உள்ளே வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான். "வாங்க சாமி, பழம் தின்னது போதும்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

"போயிருச்சா?" என்று பரணிலிருந்து கேட்டது.

"போயிருச்சு, எறங்குங்க மாமா."

"நல்லாக் கட்டச் சொல்லு மாப்ள. கட்டட்டும், எறங்குறேன்."

கனகலட்சுமி வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்தாள். சக்கரத்தைக் கையால் சுற்றினாள், சுற்றியது. "ஊசிதான் போச்சு மாமா. மாட்டுங்க" என்றாள். மாட்டினேன். பள்ளத்தை விரல் நகத்தால் தடவிப் பார்த்து, ஜன்னலுக்கு நேராக, வைகையைப் பார்த்துத் திருகை முடுக்கினேன். அவள் ஒரு துண்டுத் தோலை வைத்து மிதித்தாள்.

விடவில்லை.

இன்னொரு துண்டு. விடவில்லை. மடித்து, கனமாக்கி, வேண்டுமென்றே வளைத்துத் தைத்தாள். விடவில்லை. தையல்கள் எறும்பு வரிசை போல ஒன்றின் பின் ஒன்றாகப் போயின. அவள் மெஷினைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நின்ற மேசையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி?" என்றான் அசோக்குமார்.

"மேச... மேச பழைய எடத்துக்கு வந்துருச்சுங்க! ஊசி மேல வரும்போது நூலு சின்னதா ஒரு வளையம் விடும், கீழ இருக்க கொக்கி வந்து அதப் பிடிக்கும். சாமியப் பாக்கணும்னு நம்ம மெஷினத் திருப்பிட்டோம். கொக்கியும் கூடத் திரும்பிருச்சு. ஊசிய மட்டும் ஆத்தப் பாத்தே மாட்டிருக்கோம். வளையம் ஒரு பக்கம், கொக்கி ஒரு பக்கம்! பல நேரம் பிடிச்சுரும், எப்பவாச்சும் விட்டுரும்!"

 முதலில் பரணிலிருந்துதான் சிரிப்பு வந்தது. பிறகு வாசலில் சோணை, மேளக்காரர்கள், தரையில் கிடந்த அசோக்குமார். நான் துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டேன். துடைக்க வேண்டிய நேரம் கொஞ்சம் அதிகமாகவே ஆனது. இதில் குற்றம் என்று யார்மீதும் சொல்வதற்கில்லை. வைகை தன் இடத்தில் இருந்தது. ஊசி வைகையைத்தான் பார்த்தது. விஸ்வநாத் சொன்னதும் நடந்தது, சாமிக்குச் செய்ய வேண்டியதும் நடந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததுதான் தகராறு.

"சிரிச்சது போதும். தைம்மா" என்றேன்.

கனகலட்சுமி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, கடைசித் தோலை மெஷினில் ஏற்றினாள். இனி விட்டால் வேறு தோல் இல்லை. நாங்கள் மேசையைச் சுற்றி நின்றோம். நல்லகாமன் மட்டும் பரண் விளிம்பில் படுத்துக்கொண்டு கீழே பார்த்தார். அவர் படுத்திருந்த இடத்திலிருந்து தையல் ஒவ்வொன்றும் தெரிந்தது. பழக்க தோஷம், அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"வருது வருது... பரவை முத்திருளன் வீட்டுப் பட்டை வருது! விடல... விடல... ஒன்னுகூட விடலப்பா! மொத வரி தாண்டிருச்சு! வளைவுக்கு வருது, யாரும் கிட்டப் போகாத... வளைவுல விடுமா, விடாதா... விடல! அழகான தையலு, அருமையான தையலு! தங்கச்சி கனகலட்சுமிக்கு ஒரு கைதட்டு குடுங்கப்பா!"

கைதட்டினார்கள். அழகுபாண்டி அவருக்குத் தகுந்த மாதிரி பம்பையில் ஒரு தட்டுத் தட்டினார். "மேளம் வேணாம்! மேளம் வேணாம்!" என்று பரணிலிருந்து அலறல் வந்தது. வெளியே தாசில்தார் காதை நிமிர்த்தினார். சோணை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான்.

கடைசி வரி. திருப்பத்தில் மெஷின் முனகியது. கனகலட்சுமி காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினாள். ஒன்று. பிடித்தது. இன்னொன்று. பிடித்தது. நூலை வெட்டி நிமிர்ந்தாள்.

"முடிஞ்சிருச்சு" என்று அவள் சொல்வதற்குள் நல்லகாமன் கோச்சடை வரைக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டார். "பிடிபடாத மாடு! விடுபடாத தையலு! பரிசு பரவைக்கே!" சம்பந்தி வீட்டு ஆள் அதை எங்கள் கூரைக்குக் கீழே இருந்து கத்தினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மணிகளைக் கோத்துத் தாசில்தார் கழுத்தில் கட்டினோம். கனகலட்சுமியின் சேலையில் எண்ணெய்க் கறை, மாற்றிக்கொள் என்றேன். "நேரமில்ல மாமா, கேட்டா பட்டறைக்காரின்னு சொல்லுங்க" என்று வண்டியில் ஏறிவிட்டாள். சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். ராகு காலத்துக்கு முன் வைகையைத் தாண்டினோம்.

கோச்சடையில் ஊர்வலம் மண்டபத்தை நெருங்கும்போது, ஃப்ளெக்ஸுக்கு முன்னால் சேரில் உட்கார்ந்திருந்த கருத்தக்கண்ணன் எழுந்தார். நேராக மாட்டிடம் வந்தார். பட்டையின் ஓரத்தை விரலால் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தடவிப் பார்த்தார். தடவி முடிக்கும்வரை என் மகள் வாசற்படியில் ஆரத்தித் தட்டோடு அசையாமல் நின்றாள். கருத்தக்கண்ணன் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து, "எங்க பாண்டியம்மா வீட்டுத் தையலுடா இது" என்றார். பாண்டியம்மாள் கையிலிருந்த தட்டு ஆடியது. ஆரத்தித் தண்ணீர் பாதி என் வேட்டியில் கொட்டியது. அவள் சிரித்த சிரிப்பில் மீதியும் கொட்டியது.

இப்போது கோச்சடையில் ஒரு பேச்சு நடமாடுகிறது. மெஷின் கோணலாக நின்றது பெரியவருக்கு முதலிலேயே தெரியும், வீட்டுப் பிள்ளைகள் மனம் நோகாமல் அதை நேராக்குவதற்காக அவர்தான் மேளக்காரருக்குக் கண்ணைக் காட்டி மாட்டை உள்ளே வரவைத்தார் என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் சம்பந்தியும் ஒருவர் என்று கேள்வி. அது உண்மையல்ல. எனக்கு எதுவும் தெரியாது. நான் கண்ணைக் காட்டவில்லை. மாடு தானாகத்தான் வந்தது.